மகளுக்கு வந்த இரண்டு அழைப்புகள்

வடமராட்சியிலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதம் இரண்டு வாரங்களாக என் மேசையிலே கிடக்கின்றது. உடனே பதில் எழுதிவிடக்கூடிய கடிதமாக அது அமையவில்லை.

கடிதத்தின் சாரம் இதுதான். அவருடைய மூத்த மகள் சென்ற தை மாதத்தில் அமெரிக்காவிலே, ரெக்சாஸ் மாநிலத்தில், ஒரு பெரிய கொம்பனியின் கணக்குப் பகுதியில் உத்தியோகத்திற் சேர்ந்திருக்கிறாள். இப்பொழுது அவள் கர்ப்பிணி. ஐப்பசியிலே குழந்தையை எதிர்பார்க்கிறார்கள். அண்மையில் அவளுக்குக் கந்தோரிலே இரண்டு அழைப்புகள் வந்தனவாம். ஒன்று, அங்கு வேலைசெய்யும் பெண்கள் கூடி நடத்தும் குழுவிற் சேரும்படி. மற்றது, முன்னாள் படைவீரர்களாகிய ஊழியர்கள் நடத்தும் குழுவின் விருந்துக்கு வரும்படி. இந்த இரண்டாவது அழைப்பைக் கொடுத்தவர் அவளுடைய மேலதிகாரியான ஒரு பெண்மணி. அமெரிக்கத் தரைப்படையிலே பன்னிரண்டு ஆண்டுகள் சேவை செய்தவர்.

"அக்கா, இவையெல்லாம் தொழிற்சங்கங்களா? சேர்ந்தால் முதலாளி கோபிப்பாரோ? வேலை போனால் வீசாவும் போய்விடும் என்று மருமகன் பயப்படுகிறார். அதுவும் பட்டாளத்தாரின் கூட்டத்தில் என் பிள்ளைக்கு என்ன வேலை? போகவேண்டாம் என்று எழுதட்டுமா?" என்று கேட்கிறார் அச்சகோதரி.

அந்தக் கடைசிக் கேள்விதான் என் பேனாவைத் தடுத்து நிறுத்தியது. பட்டாளம் என்ற சொல் நம்மவர் வீடுகளில் எத்தகைய நினைவுகளை எழுப்பும் என்பதை நான் அறியாதவள் அல்லள். அதைப்பற்றி ஒரு தாய்க்கு உபதேசம் செய்ய நான் முன்வரப் போவதுமில்லை. ஆனால் அமெரிக்காவிலே, படைக்குப் போய்த் திரும்பியவர்களும் வேலைக்குப் போகும் பெண்களும் ஒரே நாற்காலிக்காக எதிரெதிரே நிறுத்தப்பட்ட ஒரு கதை உண்டு. அதனைத் தெரிந்துகொண்டால், இவ்விரண்டு அழைப்புகளும் ஒரே கந்தோரிலிருந்து ஒரே வாரத்தில் வந்திருப்பதன் விசேஷம் புலனாகும்.

முதலில், இக்குழுக்கள் யாவை என்பதைச் சொல்லிவிடுகிறேன். அந்நாட்டில் இவற்றை 'எம்ப்ளோயி ரிசோர்ஸ் குறூப்' என்பார்கள். பணியாளர் துணைக் குழு என்று நாம் வைத்துக்கொள்வோம். ஒரே ஸ்தாபனத்தில் வேலைசெய்வோருள், ஒரே விதமான அனுபவமோ இடைஞ்சலோ உடையவர்கள் தாமாகக் கூடி, ஒருவருக்கொருவர் துணை நிற்பது. அத்துடன் நிருவாகத்துக்குத் தங்கள் நிலைமையை எடுத்துச் சொல்வது. கூடுவதற்கு மண்டபமும் செலவுக்குச் சிறிது பணமும் கொம்பனியே கொடுக்கும்.

இவ்வழக்கத்தின் பிறப்பிடமாகச் சொல்லப்படுவது நியூயோர்க் மாநிலத்திலுள்ள றொச்செஸ்டர் நகரம். 1964 ஜூலையில் அங்கே கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளிற் பெருங் கலகம் மூண்டது. அந்நகரத்தின் பெரிய ஸ்தாபனங்களுள் ஒன்று, பிரதியெடுக்கும் இயந்திரங்களாற் புகழ்பெற்ற சிறொக்ஸ் கொம்பனி. அதன் தலைவராக இருந்த ஜோசப் வில்சன், தம் கொம்பனியிலே கறுப்பினத்தவர் எத்துணைச் சிலராயிருக்கின்றனர் என்பதை எண்ணிப் பார்த்து, அவர்களை வேலைக்கு எடுக்கத் தொடங்கினார். எடுத்துவிட்டாற் போதுமா? உள்ளே வந்தவர்களுக்கு நல்ல பகுதிகள் கொடுபடவில்லை, உயர்வும் கிட்டவில்லை. ஆகவே அவர்கள் தாமே ஒன்றுகூடினர். 1970ஆம் ஆண்டு அங்கு உருவான கறுப்பின ஊழியர் குழுவையே இவ்வகையில் முதலாவது என்று கூறுவர். பதினாறு ஆண்டுகள் கழித்து, 1986இல், அங்கே கறுப்பினப் பெண்கள் தங்களுக்கெனத் தனியாக ஒரு குழுவை அமைத்துக்கொண்டார்கள். ஆண்கள் நிறைந்த கூட்டத்தில் தங்கள் பேச்சு எடுபடாமற் போயிருக்கலாம். அதை நாம் ஊகிப்பது கடினமன்று. 1980இல் அக்கொம்பனியிலே விடுமுறைக்காலப் பயிற்சிக்கு வந்த ஏர்சுலா பேர்ன்ஸ் என்னும் கறுப்பினப் பெண் 2009இல் அதற்கே தலைமை அதிகாரியானார். எல்லாம் குழுக்களின் புண்ணியம் என்று நான் சொல்லமாட்டேன். எனினும், கூடிப் பேச இடமிருந்த ஒரு வீட்டிலே அவர் வளர்ந்தார் என்பது உண்மை.

இனி, எதிரெதிரே நின்ற கதைக்கு வருகிறேன்.

இரண்டாவது உலக யுத்தத்தில் அமெரிக்கப் படைகளிற் சேவை செய்தோர் சுமார் 1 கோடி 60 இலட்சம் பேர். அவர்களுள் பெண்கள் 3 இலட்சத்து 50 ஆயிரம் வரையில். ஆண்கள் போர்முனைக்குச் சென்றபின் வெறுமையான தொழிற்சாலைகளிலே ஆகாய விமானங்களுக்கு ஆணி அறைந்தவர்களும் கப்பல்களுக்கு இரும்பு ஒட்டியவர்களும் பெண்களே. ஆனால் படைக்குப் போனவன் திரும்பி வந்தால் அவனுடைய பழைய வேலையை அவனுக்கே கொடுக்கவேண்டும் என்று 1940ஆம் ஆண்டின் சட்டம் விதித்திருந்தது. நியாயமான சட்டந்தான், உயிரைப் பணயம் வைத்தவன் திரும்பிவந்து தெருவில் நிற்கலாமா? அதன்படி 1945இல் யுத்தம் முடிந்ததும் பல்லாயிரம் பெண்கள் இயந்திரங்களை விட்டு வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். 'நன்றி அம்மா, இனி அடுப்பைக் கவனியுங்கள்' என்றவாறாக இருந்தது அந்தப் பிரியாவிடை.

இதிலும் வருத்தந் தருவது விமானம் ஓட்டிய பெண்களின் நிலை. 1943இலும் 1944இலும் ரெக்சாஸ் மாநிலத்திலே ஸ்வீற்வோட்டர் என்னும் சிற்றூரில் பயிற்சி பெற்றுத் தேறிய விமானமோட்டிகளையும் சேர்த்து ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள், போர் விமானங்களைத் தொழிற்சாலையிலிருந்து தளங்களுக்கு ஓட்டிச் சென்றார்கள். பீரங்கிப் பயிற்சிக்காக இலக்குகளை வானத்தில் இழுத்துச் சென்றார்கள். அவர்களில் 38 பேர் விபத்துகளில் மாண்டனர். ஆயினும் சட்டத்தின்படி அவர்கள் படையினர் அல்லர். சாதாரண அரசாங்க ஊழியரே. ஆதலால் இறந்தவளின் உடலை ஊருக்கு அனுப்பும் செலவு குடும்பத்தின் தலையிலே விழுந்தது, அல்லது உடனிருந்த தோழிகள் காசு சேர்த்து அனுப்பினர். சவப்பெட்டியின்மீது தேசக்கொடியைப் போர்த்தும் உரிமையும் இருக்கவில்லை. ஆண் விமானமோட்டிகளுக்கு வேலை வேண்டும் என்ற கூக்குரல் எழுந்தபோது, 1944 டிசம்பரிலே அப்பெண்களின் பிரிவே கலைக்கப்பட்டது. முப்பத்துமூன்று ஆண்டுகளின் பின், 1977இலேதான் அவர்களை முன்னாள் படைவீரர் என்று சட்டம் ஒப்புக்கொண்டது. அதற்குள் பலர் பாட்டிமாராகிவிட்டனர். அவர்கள் சும்மா இருந்து அதைப் பெறவில்லை. பழைய தோழிகளைத் தேடிக் கடிதம் எழுதி, கூட்டங் கூட்டி, தலைநகரத்துக்குச் சென்று வாதாடிப் பெற்றார்கள்.

அடுத்தது ஹெலன் பீனி என்னும் மாதுவின் வழக்கு. மசாசூசெற்ஸ் மாநில அரசாங்கத்திலே 1963ஆம் ஆண்டிற் சுருக்கெழுத்து லிகிதராகச் சேர்ந்தவர் அவர். உயர்பதவிக்கான போட்டிப் பரீட்சைகளை ஒன்றன்பின் ஒன்றாக எழுதினார். 1971இல், பல்வைத்தியர்களைப் பரீட்சிக்கும் சபையில் ஒரு பதவிக்கு நடந்த பரீட்சையிலே இரண்டாவதாகத் தேறினார். ஆனால் பட்டியல் வெளிவந்தபோது அவருடைய பெயர் ஆறாவது இடத்தில் இருந்தது. முன்னாள் படைவீரர்களாகிய ஐந்து ஆண்கள் அவருக்கு முன்னே வைக்கப்பட்டிருந்தனர். அவரைவிடக் குறைந்த புள்ளி பெற்ற ஒருவருக்கே பதவி போயிற்று. 1973இல் மறுபடியும் ஒரு பரீட்சை. இம்முறை அவருக்கு முன்னே பன்னிரண்டு படைவீரர். அவர்களிற் பதினொருவர் அவரிலும் குறைந்த புள்ளி எடுத்தவர்கள். பரீட்சையிற் சித்தியடைந்த முன்னாள் படைவீரர் எவராயினும் மற்றெல்லாருக்கும் முன்னே நிறுத்தப்படவேண்டும் என்பது அம்மாநிலத்துச் சட்டம். அங்குள்ள முன்னாள் படைவீரருள் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுக்கு மேற்பட்டோர் ஆண்கள்.

பெண்கள் ஏன் படைக்குப் போகவில்லை என்று கேட்பீர்கள். போக விட்டாலல்லவா! 1948ஆம் ஆண்டின் சட்டம், படையிலே பெண்கள் நூற்றுக்கு இரண்டு பேருக்கு மேல் இருத்தல் கூடாது என்று எல்லை போட்டது. 1967இலேதான் அவ்வெல்லை நீக்கப்பட்டது. அத்துடன், படையிலுள்ள பெண் கர்ப்பமுற்றால் அவளை விலக்கிவிடலாம் என்று 1951இல் ஜனாதிபதி கட்டளையிட்டிருந்தார். 1970களின் நடுப்பகுதிவரை அது நடைமுறையில் இருந்தது. ஒரு வாசலை அடைத்துவிட்டு, அந்த வாசலால் வந்தவர்களுக்கே மற்ற வாசலைத் திறப்போம் என்பது எவ்வகை நியாயம்?

1975இல் பீனியின் பழைய வேலையும் நீக்கப்பட்டது. அதன்பின் அவர் வழக்குத் தொடுத்தார். கீழ் நீதிமன்றம் இருமுறை அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஆனால் 1979இல் நாட்டின் அதியுயர் நீதிமன்றம், ஏழு நீதியரசர் ஒருபுறமும் இருவர் மறுபுறமுமாக, அவருக்கு எதிராகத் தீர்ப்புக் கூறியது. இச்சட்டம் பெண்களைப் பாதிக்கிறது என்பதை நீதியரசர்கள் மறுக்கவில்லை. பெண்களைப் பாதிக்கவேண்டும் என்ற நோக்கத்தோடு செய்யப்பட்ட சட்டமன்று என்றனர். தோற்ற தரப்புக்கு இந்த நுணுக்கத்தால் என்ன ஆறுதல் கிடைத்திருக்குமோ நானறியேன்.

ஆகவே, சகோதரி, ஒரு காலத்திலே 'படைவீரன் வேண்டுமா, பெண் வேண்டுமா' என்றே கேட்கப்பட்ட நாட்டில், இன்று உங்கள் மகளின் மேலதிகாரி இரண்டுமாக இருக்கிறார். முன்னாள் படைவீரராகிய பெண்கள் அங்கே இன்று சுமார் 20 இலட்சம் பேர். 2016 முதல் போர்முனைப் பணிகள் யாவும் பெண்களுக்குத் திறக்கப்பட்டுள்ளன. ஆயினும் அவர்கள் அடிக்கடி சொல்லும் குறையொன்று உண்டு: படைவீரருக்கான ஒரு வைபவத்துக்குக் கணவருடன் சென்றால், நன்றி சொல்ல வருபவர் கணவரின் கையைத்தான் பிடித்துக் குலுக்குவாராம்!

படைவீரர் குழுக்கள் பெருகியது 2011ஆம் ஆண்டளவில் என்று சொல்லலாம். ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் நடந்த யுத்த காலத்திலே சேவை செய்து திரும்பியோருள் அவ்வாண்டிலே நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு வேலையில்லை. வேலை கிடைத்தவர்களுக்கும் ஒரு சங்கடம். பத்து வருடங்கள் படையின் பண்டகசாலையை நிருவகித்த ஒருவர், தம் விண்ணப்பத்திலே படைக்குரிய சுருக்கெழுத்துகளால் அதை எழுதினால், கந்தோரில் இருப்பவருக்கு ஒன்றும் விளங்காது. அதை ஊரார் மொழியில் எழுதிக் கொடுப்பது இக்குழுக்களின் முதல் வேலை. தொண்டர் படையிலே இருப்பவர்களை அரசாங்கம் அழைத்தால், அவர்கள் உத்தியோகத்தை விட்டுப் போகவேண்டும். திரும்பி வந்தால் வேலையை மீளக்கொடுக்க வேண்டும் என்று 1994ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அச்சட்டத்தை அறியாத மேலதிகாரிக்கு அதை அறிவிப்பதும், போனவருடைய மனைவி பிள்ளைகளை விசாரித்துக்கொள்வதும் குழுவின் பணிகள். இராத்திரி நித்திரையின்றித் தவிப்பவன் வைத்தியரிடம் சொல்லாததைப் பழைய தோழனிடம் சொல்லுவான் என்பதும் ஒன்று.

பெண்கள் குழு உங்கள் மகளுக்கு உடனே பயன்படக்கூடியது. அதற்குரிய காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். இதை அவளுக்கு எழுதுங்கள்.

அந்த நாட்டிலே பிரசவ விடுமுறை என்று சம்பளத்துடன் கூடிய விடுமுறையைத் தனியார் கொம்பனிகள் எல்லாம் கொடுக்கவேண்டும் என்று நாடு முழுவதற்குமான சட்டம் கிடையாது. இங்கே 84 நாள் வேதனத்துடன் பெற்றுப் பழகிய நமக்கு இது நம்ப முடியாததாகத் தோன்றும். 1993ஆம் ஆண்டிலே செய்யப்பட்ட சட்டமொன்று பன்னிரண்டு வார விடுமுறை தருகிறது, அதுவும் சம்பளமின்றி. அதைப் பெறவும், அந்த வேலையிற் பன்னிரண்டு மாதங்கள் நிறைந்திருக்க வேண்டும். முந்திய பன்னிரண்டு மாதத்தில் 1,250 மணித்தியாலம் வேலை செய்திருக்கவும் வேண்டும். உங்கள் மகள் சேர்ந்தது தை மாதம். குழந்தை வருவது ஐப்பசியில். கணக்குப் பாருங்கள்; ஒன்பது மாதந்தான் ஆகிறது. மகளுக்கு இது தெரியுமோ தெரியாதோ, உங்கள் கடிதத்தில் அதைப்பற்றி ஒரு வரியும் இல்லை. எனக்கு உண்மையிற் கவலை தந்தது பட்டாளமன்று, இதுதான்.

இவ்விடத்தில் அவளுக்கு வழிகாட்டக்கூடியவர்கள், அதே கந்தோரிலே முதலாம் வருடத்திலேயே பிள்ளை பெற்ற பெண்கள். கொம்பனி தானாகக் கொடுக்கும் விடுமுறை எவ்வளவு, யாரிடம் எந்தப் பத்திரத்தை நிரப்பிக் கொடுக்கவேண்டும், எந்த அதிகாரி இரக்கமுள்ளவர் என்பவையெல்லாம் அவர்களுக்கே தெரியும். இன்னொரு சட்டமும் உண்டு. 2023 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்தது. பதினைந்து பேர் முதலாக வேலைசெய்யும் ஸ்தாபனங்களைக் கட்டுப்படுத்துவது. கர்ப்பிணிகளுக்கும் பிரசவித்தோருக்கும் நியாயமான வசதிகளைச் செய்து கொடுக்கவேண்டும் என்கிறது. உடல் தேறுவதற்கான விடுமுறையும் அவ்வசதிகளுள் அடங்கும். எத்தனை மாதம் வேலைசெய்தாள் என்ற கேள்வி இதிலே கிடையாது. ஆனால் கேட்கவேண்டும், எழுத்திலே கேட்பது நல்லது.

குழந்தை பிறந்தபின் பால் எடுத்து வைப்பதற்கு நேரமும் தனியிடமும் கொடுக்கவேண்டும் என்ற விதி 2010இல் வந்து, 2022இல் மாதச்சம்பளம் பெறும் கந்தோர்ப் பெண்களிற் பெரும்பாலாருக்கும் விரிக்கப்பட்டது. அவ்விடம் மலசலகூடமாக இருத்தல் கூடாது என்று சட்டத்திலே எழுதவேண்டியிருந்தது என்றால், அதற்குமுன் அந்தத் தாய்மார் எங்கே நின்றனர் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. சட்டம் வந்தாலும் கந்தோரிலே அறைக்குத் திறப்பும் கதிரையும் தானாக வந்துவிடா. பெண்கள் குழுவினர் போய்ச் சொல்லிச் சொல்லியே பல இடங்களில் அவை வந்து சேர்ந்தன.

இனி, அக்குழுக்களால் ஆகாதவற்றையும் மறைக்காமற் சொல்லவேண்டும். அவை தொழிற்சங்கங்கள் அல்ல. முதலாளியின் பணத்தால் நடக்கும் சங்கம் ஊழியர் சார்பிலே சம்பளத்தைப்பற்றிப் பேரம் பேசுதல் 1935ஆம் ஆண்டிலிருந்தே அங்கு சட்டவிரோதம். ஆகவே உங்கள் பயம் தேவையற்றது. முதலாளி கோபிக்க மாட்டார், மண்டபத்தைக் கொடுத்தவரே அவர்தாம். ஆனால் அதே காரணத்தால், அங்கே பேசப்படுவது இரகசியம் என்றும் மகள் எண்ணிவிடக் கூடாது. கர்ப்பத்தை முன்னிட்டு யாராவது அநீதி செய்தால், குழுவிலே சொல்லி அழுதாற் போதாது. 1978ஆம் ஆண்டுமுதல் அது சட்டப்படி குற்றமான பாரபட்சம். அதற்கென உள்ள அரசாங்க ஆணைக்குழுவுக்கு 180 நாட்களுக்குள், சில சந்தர்ப்பங்களில் 300 நாட்களுக்குள், முறைப்பாடு செய்யவேண்டும். குழுவிற் பேசிக்கொண்டிருக்கும் நாட்களும் அந்தக் கணக்கிலே ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

குழுவேலைக்குத் தனிச் சம்பளம் பெரும்பாலும் இல்லை என்பதையும் அவள் அறிந்திருக்கட்டும். பகலெல்லாம் கணக்குப் பார்த்துவிட்டு மாலையிலே கூட்டத்துக்குக் கதிரை அடுக்குவது யார்? பெண்கள்தான். மார்ச் 8ஆம் திகதி ஒரு கேக், நவம்பர் 11ஆம் திகதி ஒரு கொடி. அத்தோடு கடமை முடிந்தது என்று திருப்தியடையும் கொம்பனிகளும் உண்டு. கர்ப்பிணியாகிய உங்கள் மகள் உறுப்பினராகச் சேரட்டும், காரியதரிசியாக வேண்டாம்.

காற்றும் இப்பொழுது மாறி வீசுகின்றது. 2025 ஜனவரியில் டொனால்ட் டிரம்ப் மீண்டும் ஜனாதிபதியானதும் பிறப்பித்த கட்டளைகளின் பின், மத்திய அரசாங்கக் கந்தோர்கள் பலவற்றில் இத்தகைய குழுக்கள் கலைக்கப்பட்டன. ஒரு சாராருக்கு மட்டும் இடங்கொடுத்து மற்றோரை விலக்கும் குழு சட்டவிரோதமாகலாம் என்று அதே ஆண்டு மார்ச் மாதத்திலே மேற்சொன்ன ஆணைக்குழுவும் எச்சரித்தது. அதனாற் பல தனியார் ஸ்தாபனங்கள் குழுக்களின் பெயரை மாற்றியும் எல்லாருக்கும் கதவைத் திறந்தும் வைத்திருக்கின்றன. படையிற் சேவை செய்யாத உங்கள் மகளையும் அங்கே அழைத்ததில் வியப்பில்லை. பெண்கள் குழுவுக்கு உங்கள் மருமகனும் போகலாம். போனால் நல்லது என்பேன், குழந்தை அவருடையதுந்தானே.

மேலதிகாரியின் அழைப்பைப் பற்றி மகளுக்கு 'போ' என்றோ 'போகாதே' என்றோ நீங்கள் எழுதவேண்டாம். அவளுக்கும் நினைவுகள் உண்டு. அவளே அவற்றோடு பேசி முடிவுசெய்யட்டும். மனம் ஒப்பவில்லையாயின், அழைத்ததற்கு நன்றி சொல்லிவிட்டு, உடல்நிலையைக் காரணங்காட்டி வீட்டில் இருந்துவிடலாம். அங்கே யாரும் அதைக் குற்றமாக எடுக்கமாட்டார்கள். ஆனால் அந்தப் பெண்மணியோடு ஒருநாள் தேநீர் வேளையிலே தனியாகப் பேசும்படி சொல்லுங்கள். விடுமுறைக் கடிதம் இறுதியிலே அவருடைய மேசைக்குத்தானே போகும்!

கடிதத்தின் ஓரத்திலே, ரெக்சாஸ் எப்படிப்பட்ட இடம், அங்கே பார்ப்பதற்கு என்ன உண்டு என்றும் கேட்டிருக்கிறீர்கள். மேலே சொன்ன ஸ்வீற்வோட்டரில் அந்த விமானமோட்டிப் பெண்களின் நினைவாக ஒரு நூதனசாலை இருக்கிறது, அவர்கள் பயின்ற அதே விமானத்தளத்திலே. டலஸ் நகரிலிருந்து மேற்கே காரிலே மூன்று மணித்தியாலத்துக்கு மேற்பட்ட பிரயாணம், வழியெல்லாம் வெட்டவெளி. நீங்கள் பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகும்போது எல்லாருமாகப் போய்வாருங்கள். இப்பொழுது, இந்த வெயிலில், மகளை அவ்வளவு தூரம் காரிலே இருத்திக் கொண்டுபோக வேண்டாம் என்று மருமகனுக்கு எழுதிவிடுங்கள்.